கீமோ நாட்களில் வாயும் வயிறும்: வீட்டார் அறிய வேண்டியவை

 

நம் போளூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் வேலூர் சி.எம்.சி.க்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்று வருகிறார்கள். அங்கே மருந்து ஏறும் நேரம் சில மணி நேரம்தான். அதன் பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களை நோயாளி வீட்டில்தான் கழிக்கிறார். குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல், வாய்ப்புண், நாக்கு ஒட்டிக்கொள்ளும் வறட்சி ஆகியவை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வருகின்றன. அப்போது பக்கத்தில் இருப்பவர் மருத்துவர் அல்ல. மனைவி, மகள், மருமகள், தம்பி என்று வீட்டார்தான்.

ஆகவே இந்த இதழின் பாடத்தை வீட்டாருக்காக எழுதுகிறோம். இது மருத்துவரின் சொல்லுக்கு மாற்று அல்ல. அவர் சொன்னதை வீட்டில் நடைமுறைப்படுத்த உதவும் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வாயும் வயிறும் பாதிக்கப்படுகின்றன?

புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அழிப்பதே பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. ஆனால் நம் உடலில் நல்ல செல்களிலும் வேகமாகப் பெருகுபவை உண்டு. முடியின் வேர், எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடலின் உட்பூச்சு ஆகியவை அவை. குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. மருந்து அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கும்போது பழைய தோல் போய்விடுகிறது, புதியது வரவில்லை. வாயில் புண்ணும் வயிற்றில் பேதியும் வருவது இதனால்தான்.

குமட்டலின் வழி வேறு. மருந்தின் தாக்கத்தால் குடலில் உள்ள சில செல்கள் செரோட்டோனின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது நரம்பு வழியாக மூளையில் உள்ள வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கீமோவுக்கு முன் கொடுக்கப்படும் ஆன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் இந்தத் தூண்டுதலைத்தான் தடுக்கின்றன. 1990களில் இவை புழக்கத்துக்கு வருவதற்கு முன், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் வாந்தியாலேயே சிகிச்சையைப் பாதியில் விட்டதுண்டு. இன்று அந்த நிலை இல்லை. எனவே 'கீமோ என்றால் வாந்தி வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று பெரியவர்கள் சொல்வதை ஏற்க வேண்டாம். ஒரு மாத்திரை போதவில்லை என்றால் மாற்றித் தர வேறு மருந்துகள் உள்ளன. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

குமட்டலும் வாந்தியும்

முதல் விதி: வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். எழுதிக்கொடுத்த நேரத்தில், வாந்தி இல்லாவிட்டாலும் கொடுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரையே வயிற்றில் தங்காது.

இரண்டாவது: வெறும் வயிறு குமட்டலை அதிகமாக்கும். மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை இந்த நாட்களில் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி, அரைக் கிண்ணம் தயிர்ச்சோறு, இரண்டு ரஸ்க், ஒரு கைப்பிடி பொரி என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். காலையில் எழுந்தவுடன் குமட்டுபவர்களுக்குப் படுக்கைக்குப் பக்கத்திலேயே காய்ந்த ரொட்டியோ பொரியோ வைத்திருந்தால் எழுவதற்கு முன் கொஞ்சம் மெல்லலாம்.

மூன்றாவது: வாசனை. சூடான உணவிலிருந்து எழும் ஆவிதான் பலருக்குக் குமட்டலைக் கிளப்புகிறது. சோற்றையும் கஞ்சியையும் ஆற வைத்துக் கொடுங்கள். தாளிக்கும் நேரத்தில் நோயாளியை அடுப்படியிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அத்தர், சாம்பிராணி, ஊதுபத்தி ஆகியவற்றின் மணமும் இவர்களுக்கு ஆகாது. ஜும்ஆ முடிந்து அத்தர் மணக்க நேராக நோயாளியைப் பார்க்கப் போகும் நல்ல உள்ளங்கள் இதைக் கவனத்தில் கொள்ளட்டும்.

நான்காவது: பயணம். வேலூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மருந்து ஏற்றிக்கொண்டு பேருந்தில் திரும்பும் அந்த நேரம் பலருக்குக் கடினமாக இருக்கிறது. புறப்படும் முன் எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பிளாஸ்டிக் பை, தண்ணீர், துண்டு கையில் இருக்கட்டும். காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதை போளூர் வழியாகத்தான் போகிறது. நேரம் ஒத்துவந்தால் ரயிலில் குலுக்கல் குறைவு, கழிவறையும் உண்டு. புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டிப் பெறலாம்.

இஞ்சித் தேநீர் சிலருக்கு இதமாக இருக்கும், கொடுக்கலாம். அது மாத்திரைக்குப் பதில் அல்ல.

பேதி

ஃபைவ் எஃப்யூ, கேப்சிடபைன், இரினோடெக்கான் போன்ற மருந்துகள் பேதியை உண்டாக்கும். இதில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதுதான். அதற்குச் சிறந்த மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் போதாமல் போன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கவைத்துப் பலரின் உயிரைக் காத்தார். அதே எளிய பொருள் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், ஒரு தம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவில் போட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். ஒரே மூச்சில் அல்லாமல் மடக்கு மடக்காகக் குடிக்கட்டும்.

உணவில் குழைந்த சோறு, அரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம், நீர்மோர் ஆகியவை ஏற்றவை. எண்ணெயில் பொரித்தது, காரம், பால், கீரை, முழுத்தானியம் ஆகியவற்றைப் பேதி நிற்கும்வரை தள்ளி வையுங்கள். நோன்புக் கஞ்சி வேண்டும் என்று ஆசைப்பட்டால் கறி போடாமல், மிளகாய் குறைத்து, பாசிப்பருப்பும் அரிசியும் நன்றாகக் குழைய வேகவைத்துத் தனியாகச் செய்து கொடுங்கள்.

மருந்துக் கடையில் பேதி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். பேதிக்குக் காரணம் கிருமியாக இருந்தால் அதை அடைத்து வைப்பது தீங்காகும். எதைக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது.

மலச்சிக்கல்

வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்தும், வலிக்குத் தரும் மார்பின் வகை மருந்தும், நாம் மேலே சொன்ன வாந்தி மாத்திரையும்கூட மலத்தை இறுக்கும். ஒரே ஆளுக்கு முதல் வாரம் சிக்கலும் அடுத்த வாரம் பேதியுமாக வருவதுண்டு. எந்த நாள் எது என்று பார்த்து உணவை மாற்ற வேண்டும்.

இந்த நாட்களுக்குத் தண்ணீர், பப்பாளி, ஊறவைத்த பேரீச்சம்பழம், வேகவைத்த கீரை, ஜவ்வாது மலையில் விளையும் சாமையில் செய்த சோறு அல்லது கஞ்சி ஆகியவை உதவும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடப்பதும் குடலை அசைக்கும். மூன்று நாட்களாகப் போகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எனிமா கொடுப்பது, ஆசனவாயில் மருந்து வைப்பது போன்றவற்றை வீட்டில் செய்யக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அங்கே ஏற்படும் சிறு கீறல் வழியாகவும் கிருமி இரத்தத்தில் புகுந்துவிடும்.

வாய் வறட்சியும் வாய்ப்புண்ணும்

உமிழ்நீர் இருக்கும்வரை அதன் அருமை தெரிவதில்லை. உணவை நனைத்து விழுங்க வைப்பதும், பல்லைக் காப்பதும், வாயில் உள்ள கிருமிகளை அடக்கி வைப்பதும் அதுதான். கீமோவில் அது குறைந்தால் பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் திரும்பிவிடும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு வறட்சி நீண்ட காலம் இருக்கலாம். அவர்கள் பல் மருத்துவரையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை:

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கரைத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஐந்தாறு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நமக்கு இதை நினைவில் வைப்பது எளிது. ஐந்து நேரத் தொழுகைக்கு வுளூ செய்யும்போது எப்படியும் வாய் கொப்பளிக்கிறோம். வுளூ முடிந்ததும் இந்த நீரால் ஒருமுறை கொப்பளிப்பது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வேளை தானாகவே நிறைவேறும். படுக்கும் முன் ஆறாவது.

கடைகளில் விற்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. அது வாயை மேலும் வறட்டும், புண்ணை எரிக்கும். தவிர்க்கவும்.

மிஸ்வாக் பழக்கம் உள்ளவர்கள் இந்த நாட்களில் மென்மையான குழந்தைகள் பிரஷுக்கு மாறிக்கொள்வது பாதுகாப்பு. குச்சியின் நார் குத்தி ஈறில் இரத்தம் வந்தால், அணுக்கள் குறைந்த நேரத்தில் அது நிற்காது, புண்ணும் ஆறாது. உடல் தேறியதும் பழக்கத்தைத் தொடரலாம்.

சிறிய தண்ணீர் பாட்டில் எப்போதும் கையருகே இருக்கட்டும். ஒரு மடக்கு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு மடக்கு. உணவைக் குழம்பு, ரசம், மோர் விட்டுத் தளர்த்திக் கொடுங்கள். உதட்டில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவலாம். வாயில் புண் இல்லாதவர்கள் ஒரு சிறு நெல்லிக்காய்த் துண்டை அடக்கிக்கொண்டால் உமிழ்நீர் ஊறும். புண் இருந்தால் நெல்லி, எலுமிச்சை, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். செயற்கைப் பல் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றி வைக்க வேண்டும். புகையிலை, குட்கா, வெற்றிலைப் பாக்கு அறவே கூடாது.

ஃபைவ் எஃப்யூ ஊசி வேகமாக ஏற்றப்படும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. குளிரில் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே மருந்து குறைவாகச் செல்கிறது. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் பெறுபவர்களுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது, தொண்டை இறுகுவது போல் ஆகும். ஆகையால் கேட்ட பிறகே செய்யுங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். மருந்து உண்டு, காட்டுங்கள்.

நாக்கில் இரும்புச் சுவை தெரிகிறது என்பவர்களுக்கு எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். கறி பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் நன்றாக வெந்த முட்டை, பருப்பு, மீன், பனீர் என்று மாற்றுங்கள். உடம்பு தேறப் புரதம் வேண்டும். அது எதிலிருந்து வந்தாலும் சரி.

அன்பினால் நேரும் தீங்குகள்

கருஞ்சீரகம், மலைத்தேன், மூலிகைக் கஷாயம் என்று அன்போடு கொண்டுவந்து கொடுப்பவர்கள் நம் சமுதாயத்தில் அதிகம். அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயமும், பொடியும், எண்ணெயும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சில பொருள்கள் ஈரலில் மருந்து கரையும் வேகத்தை மாற்றிவிடும். காய்ச்சாத, பதப்படுத்தாத தேனை, வெள்ளை அணுக்கள் குறைந்த நாட்களில் பல மருத்துவமனைகள் வேண்டாம் என்கின்றன. தெருவில் வெட்டி வைத்த பழம், பச்சைக் காய்கறி, அரைவேக்காட்டு முட்டை ஆகியவையும் அப்படியே.

நோயாளியைச் சந்திப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. போங்கள், துஆ செய்யுங்கள், சீக்கிரம் எழுந்துவிடுங்கள். சளி, இருமல் இருந்தால் போனில் பேசினால் போதும். 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்' என்று ஊட்டிவிட வேண்டாம். பிரியாணிப் பாத்திரத்தோடு போக வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு தனியே கொடுத்தனுப்பினால் அது பெரிய உதவி.

மருந்து ஏறிய பிறகு 48 மணி நேரம் வரை நோயாளியின் வாந்தி, சிறுநீர், மலத்தில் மருந்தின் எச்சம் இருக்கும். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிப் பெண் அதைச் செய்யக் கூடாது. நம் வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறோம்.

நோன்பும் தொழுகையும்

ரமலான் வந்தால் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. 'ஐம்பது வருடமாக ஒரு நோன்பையும் விட்டதில்லை, இப்போது எப்படி விடுவது?' என்று பெரியவர்கள் கண் கலங்குகிறார்கள். சிலர் வீட்டாருக்கும் தெரியாமல் நோன்பு பிடித்துவிடுகிறார்கள்.

நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். சூரா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்களில் அது தெளிவாக உள்ளது. நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே நோயாளியின் சலுகையும் சொல்லப்பட்டுவிட்டது. சிஸ்பிளாட்டின் பெறுபவர் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். கேப்சிடபைன் மாத்திரையைக் காலையும் மாலையும் ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இவர்களுக்கு நோன்பு உடலைக் கெடுக்கும். சலுகையை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதல்தான். குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களா செய்வார். அந்த நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பார். உங்கள் நிலைமைக்கு எது என்று மருத்துவரிடம் கேட்டறிந்து, பிறகு பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். பேதி நிற்காமல் வுளூ தங்காதவருக்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. தொழுகைக்கு நிற்கும்போது அசுத்தம் பட்டுவிடுமோ என்று அஞ்சிச் சாப்பிடாமலே இருக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வது வீட்டு ஆண்களின் பொறுப்பு.

கூச்சத்தை விடுவோம்

எத்தனை முறை போனது, எந்த நிறத்தில் போனது என்று ஆண் மருத்துவரிடம் சொல்ல நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். உடன் போன கணவரோ மகனோ 'நல்லா இருக்காங்க டாக்டர்' என்று சொல்லி முடித்துவிடுகிறார். மருத்துவர் அதை நம்பி அதே அளவு மருந்தைத் திரும்ப எழுதுகிறார். இங்கேதான் ஆபத்து. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, காய்ச்சல் அளவு, வாந்தி எத்தனை முறை, மலம் எத்தனை முறை, என்ன சாப்பிட்டார், எடை எவ்வளவு என்று எழுதுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், நோட்டை நீட்டினால் போதும். பெண் செவிலியரிடம் தனியே பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இவற்றை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அல்லது குளிர் நடுக்கம். பொதுவாக மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் இது நேரக்கூடும். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

2. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி.

3. வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் கூடுதலாகப் பேதி, அல்லது இரவிலும் நிற்காத பேதி.

4. வாந்தியிலோ மலத்திலோ இரத்தம்.

5. மலமும் காற்றும் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி வருவது.

6. வாய்ப்புண்ணால் தண்ணீரும் விழுங்க முடியாத நிலை.

7. சிறுநீர் மிகவும் குறைவது, தலைசுற்றல், குழப்பமான பேச்சு.

வேலூர் வரை போக நேரமில்லை என்றால் 108ஐ அழைத்து அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், இன்ன தேதியில் கடைசி மருந்து' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சிகிச்சைக் கோப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

செலவைப் பற்றி

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் தேவை. நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டை எடுத்து வைப்பது அறிவுடைமை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் செவிலியரிடமும் படுக்கையில் உள்ளவர்களுக்கான பராமரிப்பைக் கேட்கலாம். பயணச் செலவுக்கோ, தெர்மாமீட்டருக்கோ, சத்தான உணவுக்கோ வழியில்லாத குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். பெயர் வெளியில் வராது.

நோயுற்ற நம் சகோதர, சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனிக்கும் கைகளுக்கு வலிமையையும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.